கோரான்கே பேருந்தில் நான் சொன்னது

அன்பு மகள் சிஹாருவுக்கு,

எழுதாதே என்று நீ சொல்லவில்லை, ஆனால் எழுதாமல் இருந்தால் உனக்கு நிம்மதி என்று தெரிந்தே எழுதுகிறேன், முதலில் அதற்கு மன்னித்துவிடு. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கடல் தாண்டி ஹோபார்ட்டில் நீயும் கேலமும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஒகசாகியில் குளிர் வந்துவிட்டது. அப்பா காலுறை போடாமல் உட்கார்ந்து தும்முகிறார், சொன்னால் கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருச் சங்கம் வழக்கம்போல் மேப்பிள் இலை பார்க்கப் பேருந்து ஏற்பாடு செய்திருந்தது, கோரான்கேதான், வேறு எங்கே. காலை ஆறு மணிக்கே மழை. பேருந்தில் ஏறும்போதே சங்கத் தலைவர் ஒகுமுரா என்னைப் பார்த்து, "மழைக்காரி வந்துட்டாங்கப்பா, இனி சாயங்காலம் வரைக்கும் வெயிலைத் தேடாதீங்க" என்றார். மூன்று வருடமாக நான் வந்தால் மழை, நான் என்ன செய்ய, எல்லோரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் பாதி இலை தண்ணீரோடு ஆற்றில் போய்விட்டது, மீதி எங்கள் குடைகளில் ஒட்டிக்கொண்டது. நனைந்தால்தான் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், காலணிக்குள் தண்ணீர் போனவர் யாரும் அதை நம்பவில்லை.

நீ போன பிறகு எங்கள் தெருவுக்குக் குடிவந்த இவாசே அம்மாளுக்கு முட்டி வலி என்று அவர் மகள் ரிகாகோ வங்கி வேலை அலுப்போடு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். அம்மா நனையாமல் தன் முதுகு முழுவதும் நனையக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். சிவப்புப் பாலத்துக்குப் பக்கத்தில் மிசோ விழுது தடவிச் சுட்ட சோற்றுக் குச்சி தின்ன நின்றோம், ஒகுமுராவின் மனைவி, "எவ்வளவு பொறுப்பான பொண்ணு உங்களுக்கு" என்று சொன்னதுதான் தாமதம், இவாசே அம்மாள் கையை வீசி, "எது, இதுவா? குடையை நேராப் பிடிக்கத் தெரியாது, இருபத்தொன்பது வயசாச்சு, கேட்பார் இல்லை, வேணும்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க, கூடவே ரெண்டு குச்சி வாங்கித் தரேன்" என்றார். எல்லோரும் சிரித்து, "சேச்சே, எங்க வீட்டுக் கழுதையைப் பார்த்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க" என்று முறைப்படி பதில் சொன்னார்கள். ரிகாகோவும் தலை குனிந்து சிரித்தாள். ஆனால் அவள் கையில் ஒரு இலை இருந்தது, சிரித்து முடிப்பதற்குள் அதன் ஏழு விரலையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டாள். மற்றவர்கள் கண்ணில் அது படவில்லை, எனக்கு மட்டும் பட்டது, படாமல் இருந்திருக்கலாம்.

பதினோரு வயதில் நீ நீச்சல் போட்டியில் முதலாவதாக வந்தாய், உன் ஆசிரியை என்னிடம் புகழ்ந்தார், "மத்தப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சலா இருந்திருக்கும்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி பின்னால் நடந்தாய். களைப்பு என்று நினைத்தேன். கல் கொத்துகிறவர் வீட்டில் முதல் பட்டதாரி நான், எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று என் அப்பா தெரு முழுக்க, "இப்பெல்லாம் யார் போனாலும் சேர்த்துக்கிறாங்களாம்" என்றார். பெருமையைச் சொல்கிற விதமே அதுதான் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். வேறு எதையாவது நினைத்திருந்தால் படித்திருக்க முடியுமா?

ஆகஸ்ட் மாதம் நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கணினித் திரையில் கேலமின் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள், சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொன்னேன், எங்கள் பெண் ஒன்றுக்கும் லாயக்கில்லாதவள், வாய் நீளம், சமையல் வராது, பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. நீ கற்றுக்கொடுத்த ஜப்பானிய மொழியை வைத்து கேலம் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து அவர்களிடம் சொல்லிவிட்டான். அவன் அம்மா முகம் மாறியது, கையை நீட்டி உன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் பெண்ணை என்னிடமிருந்து காப்பாற்றுகிற கை அது. நீயும் சாய்ந்துகொண்டாய். எங்கள் வழக்கம் இது என்று ஒரு வார்த்தை நீ அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம், இருபத்தாறு வருடம் இங்கே வளர்ந்தவள்தானே. சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு வரி எழுதினாய், மார்ச்சில் திருமணம், சின்னதாகத்தான் செய்கிறோம், நீங்கள் இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம் என்று. சிரமம் என்ற சொல்லை மட்டும் எங்களிடமிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

திரும்பும்போது மலைப்பாதையில் வண்டிகள் நகரவில்லை, இரண்டு மணி நேரம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒகுமுரா ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து ஆளுக்கு ஒரு வீட்டுச் செய்தி சொல்லச் சொன்னார். என்னைத் தெரியுமே உனக்கு, நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. ஆனாலும் முன் இருக்கையில் ரிகாகோவின் நனைந்த முதுகு தெரிந்தது. "எங்க சிஹாருவுக்கு மார்ச்ல கல்யாணம்" என்றேன். "அவ நல்லவ, கெட்டிக்காரி, யார் உதவியும் இல்லாம தானே முன்னுக்கு வந்தா" என்றேன். குறை சொன்னால் மறுத்துப் பேசலாம், இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் இவாசே அம்மாள்தான், "அடேயப்பா, அப்போ கல்யாணத்துல பொண்ணோட அம்மா உடுத்துற கறுப்புக் கிமோனோவை வெளியே எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்தாச்சு என்று பொய் சொன்னேன். உடனே உன் அப்பா என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி, "மன்னிக்கணும், மழையில நனைஞ்சு இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு. படிச்சவதான், ஆனா சபை தெரியாது" என்றார். அப்பாடா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணமாகி முப்பது வருடமாகச் சிரிக்கிற சிரிப்புதான், அன்றைக்கு மட்டும் என் கைக்கும் ஒரு இலை தேவைப்பட்டது. இறங்கிய பிறகு ரிகாகோ எங்கள் வாசல் வரை குடை பிடித்து வந்தாள், "உங்க பொண்ணு கொடுத்து வச்சவங்க" என்றாள். நல்லவேளை, அவளுக்கு உன்னைத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சொன்ன பொய்யை நேராக்க அலமாரியைத் திறந்து அந்தக் கிமோனோவை எடுத்து முன்னறையில் மாட்டினேன். அப்பா பார்த்தார், "எங்கே போறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இந்த நான்கு நாளாக அதற்குக் கீழே குனிந்துதான் நாங்கள் இருவரும் வந்து போகிறோம்.

அங்கே இனி வெயில் காலம், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, உனக்குக் காது மடல்தான் முதலில் கருகும். கேலமிடம் அவன் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல், அவன் சரியாகத்தான் மொழிபெயர்த்தான். நீங்கள் இருவரும் ஒருவர் சொல் ஒருவருக்கு நோகாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். திருமணம் பேசுகிற கடிதத்தில் கையெழுத்துக்குப் பின்னால் எதையாவது சேர்த்து எழுதினால் திருமணமும் இரண்டாவது முறை வரும் என்பார்கள், உனக்கும் தெரியும், அதனால் சொல்லாமல் வைத்திருந்ததை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் நான் வருகிறேன், அப்பா வராவிட்டாலும் வருகிறேன், வா என்று நீ ஒரு வரி எழுது. கடைசி வரிசையில் உட்காருகிறேன். யாராவது என் எதிரில் உன்னைப் புகழ்ந்தால் ஆமாம் என்று மட்டும் சொல்வேன். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அவர்கள் மொழியில் அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
தோமோயோ