அடைக்கச் சொன்ன வாசல்

ஏலக்காய் மணக்கும் சட்டையோடு இன்னும் கண்ணில் நிற்கும் என் வாப்பா,

உங்கள் வீடு நிற்கிறது. இப்போதைக்கு.

எனக்கு மஸ்கட்டின் ரூவியில் ஆபீஸ் வேலை. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் இருந்த பேரீச்சந்தோப்புக்குப் போகிறேன். நீங்கள் இந்தக் கரையில் கடை போட்டபோது தமிழ் பேச வேறு ஆளில்லையாம். பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்தரம் போட்டு, மண் பூசி, நீங்களே கட்டிய வீடு. இடித்துவிட்டு சிமெண்டில் கட்டப்போவதாகச் சொன்னார் தோப்பின் அரபு முதலாளி, அர்பாப். உம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று கேட்டேன். சரி, செப்பனிடு, பிறகு பார்க்கலாம் என்றார்.

நீங்கள் கண் மூடுவதற்கு முன்பே உம்மாவுக்கு ஒரு துக்கம் இருந்தது. "வந்து பாருண்டு ஒரு வார்த்த சொன்னாங்களா? அங்க நான் ஞாபகத்துலயாவது இருந்தேனா?"



கரையான் தின்ற உத்தரங்களை மாற்றினோம். பின்பக்கம் ஒரு தாழ்ந்த வாசல். கொத்தனார் முத்தையா அண்ணன் சிரித்தார்.

"ஒத்த ஆம்பள இருந்த வீட்டுக்கு ரெண்டு வாசல் எதுக்கு தம்பி? முன்னால விருந்தாளி வந்தா பின்னால ஓடவா?"

"மணல்தான் வருது. அடச்சிருங்கண்ணே."

ஊரிலிருந்து உம்மா வந்த அன்று அந்த வாசலில் முழங்கால் உயரம் கல் ஏறியிருந்தது. முன்கதவைத் திறந்து வைத்தேன். உம்மா அதைப் பார்க்கவே இல்லை. துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடந்தார்.

"இத யாருடா அடைக்கிறது?"

"நான்தான் உம்மா. சும்மா கெடந்த வாசல்."

"சும்மாவா? நம்மூர்ல பொம்பளைங்க எந்த வழியா வீட்டுக்குள்ள போவாங்க? இது எனக்கு வச்ச வாசல்டா."

ஈரக் கல்லைத் தாண்டி உள்ளே போனார். ஹாஸ்டலில் வளர்ந்தவன் நான். பெண்கள் பின்வாசலுக்குப் போகும் நம் ஊர்ச் சந்துகளை மறந்திருந்தேன். முத்தையா அண்ணன் என்னைக் கேட்காமலே கற்களைப் பெயர்க்கத் தொடங்கினார்.

மாலையில் அர்பாப் வந்தார். பின்வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. பார்த்ததும் முன்பக்கம் போய் நின்று, இருமிவிட்டுக் காத்திருந்தார். அவர் வீட்டிலும் அப்படியொரு வாசல் உண்டாம்.

"பெண் இருக்கும் வீட்டை இடிப்பேனா? அவங்க இருக்கும்வரை இருக்கட்டும். கலாஸ், பேச்சு முடிந்தது."

வாசல் வைத்தீர்கள். பிறகு ஏன் கூப்பிடவில்லை, வாப்பா? உம்மா இப்போது அதைக் கேட்பதில்லை. ஊருக்குத் திரும்பும் பேச்சையும் எடுப்பதில்லை.

மணல் வரட்டும். வெள்ளிக்கிழமைதோறும் வந்து நானே கூட்டுகிறேன். அந்த வாசல் திறந்தே இருக்கும்.

உம்மாவின் பின்னால் அதே வழியாக உள்ளே வந்த,
உங்கள் மகன்
கபீர்