விலையில் நின்ற பணம்

மரக்காணம்,
4-6-1975

அன்பிற்கினிய தம்பி முனீருக்கு, அண்ணன் கமாலுதீன் ஸலாம் கூறி எழுதுவது.

இறையருளால் இங்கு யாவரும் நலம். சிங்கப்பூரில் உன் கடையும் குடும்பமும் நலமாயிருக்க ஐவேளையும் துஆச் செய்கிறேன். உன் மடல் வந்து மாதங்களாயின. "உங்க தம்பிக்குப் பேனா தொலைஞ்சிடுச்சா?" என்று உன் அண்ணி ஷம்சாத் கேட்கிறாள்.

நம் அளத்து உப்பை உனக்குக் குறைந்த விலைக்கு அனுப்பிவந்தது வரி அதிகாரியின் கண்ணில் பட்டது. வெளியார்க்கு விற்கும் விலையையே உனக்கும் வைத்து, வாராத வருவாய்க்கு வரி விதித்தார். கட்டினேன். அத்தோடு ஓயவில்லை. நான் குறைத்த தொகை உன்னிடம் நிற்கிறதாம்; அது கடனா, கொடையா என்று எழுதித் தர வேண்டுமாம். கடனென்றால் ஆண்டுதோறும் வட்டி என் கணக்கில் ஏறும். வட்டி விலக்கப்பட்டதென்று ஓதி ஓதி நரைத்தவன் நான். பெறாத வட்டியிலும் என் பெயர் வேண்டாம். நன்கொடை என்றே எழுதுகிறேன். அதற்கும் தனியே வரி உண்டு, போகட்டும். பெற்றுக்கொண்டதாக நீ ஒரு தாளில் கையொப்பமிட்டு அனுப்பு.

உன் நலம் நாடும்,
கமாலுதீன்

சிங்கப்பூர்,
27-6-1975

மரியாதைக்குரிய அண்ணனுக்கு முனீரின் ஸலாம்.

தாமதத்தை அண்ணி பொறுக்கட்டும். கடையில் ஆள் இல்லை. நானே மூட்டை தூக்குகிறேன்.

நன்கொடை என்று என்னால் கையெழுத்திட முடியாது, அண்ணே. அத்தா மௌத்தாகி அடக்கமானபோது நான் இங்கே கூலிக்கு நின்றேன். அளத்தை நாம் பிரிக்கவில்லை. நீங்கள் குறைந்த விலைக்கு உப்பு அனுப்பத் தொடங்கியதும், இதுதான் என் பங்கு, அண்ணன் வாய்விட்டுச் சொல்லாமல் செலுத்துகிறார் என்று நம்பி வாழ்ந்தேன். இன்று அதைத் தர்மமென்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதினால் என் பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் என்ன மிஞ்சும்? கடன் என்றே எழுதிவிடுங்கள். கடனாளியாக இருக்கிறேன், இரவலனாக வேண்டாம்.

தங்கள் தம்பி,
முனீர்

மரக்காணம்,
9-10-1975

அன்புத் தம்பி முனீருக்கு ஸலாம்.

அன்பினால் விலை குறைத்தேன். பங்கென்று நீ கொண்டாய். ஒரே மூட்டைக்கு இருவரும் இரு பெயர் வைத்திருந்தோம். அரசு கேளாதிருந்தால் அப்படியே நிம்மதியாய்க் கண்மூடியிருப்போம்.

பங்கை அண்ணனின் அன்புக்கு விடாமல் மறையே வரையறுத்திருக்கிறது. வடபாத்திகளை உன் பெயருக்குப் பதிந்துவிட்டேன். பத்திரம் தனித் தபாலில் வருகிறது. அதைக் கண்டபின், நின்ற தொகை உன் பாகத்து விளைச்சலே, கடனுமன்று கொடையுமன்று என்று அதிகாரி ஒப்பினார். நம் ஆடிட்டர் தட்சணாமூர்த்திதான் தலையில் கைவைத்துக்கொண்டார். "வட்டிக்குப் பயந்து பாதி அளத்தையே குடுத்துட்டீங்களே, பாய்" என்றார். மேலும் சொன்னார்: "இனிமே அவருக்கும் வெளியாளு விலைதான். லெட்டரும் வெளியாளுக்கு எழுதுற மாதிரியே எழுதுங்க. எல்லாம் ஃபைல்ல போகும்."

அவ்வண்ணமே நடப்போம். தென்பாத்தி உப்பின் விலையைத் தனித்தாளில் குறித்திருக்கிறேன். அலுத்துவிட்டது, முனீர். நல்லவேளை, துஆவை யாரும் ஃபைலில் வைப்பதில்லை.

உன் அண்ணன்,
கமாலுதீன்

சிங்கப்பூர்,
2-11-1975

கமாலுதீன் உப்பளத்தார் அவர்களுக்கு,

ஐயா,

பத்திரம் பெற்றோம். வடபாத்திகளை அனுமந்தை ஊர் சிங்காரம் என்பவருக்குக் குத்தகைக்கு விடுகிறோம்.

தாங்கள் குறித்த விலை கண்டோம். தூத்துக்குடி உப்பு அதனினும் சகாயமாகக் கிடைப்பதால், வரும் பருவத்திற்குத் தங்களிடம் சரக்கு எடுப்பதற்கில்லை.

இப்படிக்கு,
முனீர் அன் கம்பெனி