சுளுக்கு எடுக்க மறுத்த கை

அண்ணே, கல்கத்தாவில் புயலில் கம்பி அறுந்து கிடர்பூருக்கு டிராம் நின்றுபோன வருஷம் அது. ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த அந்தக் குளிர்காலத்தில்தான் என் கடைசித் தம்பி மாணிக்கத்துக்குச் சுளுக்கு எடுக்க மாட்டேன் என்றீர்கள். இன்று காலை எதிர்வீட்டில் கடுகெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சினார்கள். அந்த வாசனையில் உங்கள் கை நினைவுக்கு வந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கப்பல் டாக்கில் தலைச்சுமை தூக்கும் நமக்குத் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் தினப்படி உள்ளவைதானே. மூட்டையை இறக்கியதும் எல்லோரும் உங்களிடம் வருவோம். எண்ணெய் தடவி ஒரே திருப்பு, பிடிப்பு விட்டுவிடும். அதனால் மாணிக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது டாக்டர் நினைப்பே எனக்கு வரவில்லை. காய்ச்சலும் அடித்தது. வெளியே சொன்னால் கொரோனா என்று கொண்டுபோய்விடுவார்கள் என மறைத்தேன். விடிந்ததும் உங்களைக் கூட்டி வந்தேன்.

கழுத்தில் வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டீர்கள்.

"டேய், மோவாயை நெஞ்சுல தொடு."

குனியப் பார்த்து அலறினான். ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடி, வாந்தி எடுத்தான்.

"இது சுளுக்கு இல்ல."

"என்ன அண்ணே, கை ஓஞ்சு போச்சா? ஒரு திருப்பு திருப்புங்க, வேலைக்குப் போகணும்" என்றேன்.

"திருப்பினா உன் தம்பி உனக்கு இல்ல. ரஹீம் பாய் வண்டியைக் கூப்பிடு. என்னை அப்புறம் திட்டிக்க."

டாக்கில் சரக்கு தள்ளும் ரஹீம் பாய் தன் கைவண்டியில் கோணி விரித்தார். "ஹட்டோ, ஹட்டோ!" என்று கத்தி ஆட்களை விலக்கிக்கொண்டே மூவரும் தள்ளினோம்.

ஆஸ்பத்திரியில் முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். "இன்னும் ஒரு வேளை போயிருந்தால் கஷ்டம். யார் கண்டுபிடித்தது?" என்று டாக்டரம்மா வங்காள மொழியில் கேட்டார். நான் உங்களைக் காட்டினேன். எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்னன்னு தெரியலம்மா. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றீர்கள்.

மாணிக்கத்துக்கு இடது காது போயிற்று, உயிர் தங்கிற்று.

இப்போது காய்ச்சலோடு தலைவலி என்று யார் சொன்னாலும் மோவாயைத் தொடச் சொல்கிறேன். தொட்டாலும் டாக்டரிடம் துரத்துகிறேன். "சளிக்குக்கூடவா மாமா?" என்று மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ரஹீம் பாய் போன மழைக்காலத்தில் கண்ணை மூடினார். நீங்கள் துர்கா பூஜைக்கு முன்னால். வண்டி தள்ளியவர்களில் நான்தான் மிச்சம். வண்டியில் படுத்திருந்தவன் இன்று காலையும் டாக்குக்குப் போனான். இருக்கிறான் அண்ணே, மாணிக்கம்.