நேர்ச்சைச் சோறும் நெஞ்சு நீரும்

வெள்ளிக்கிழமை, இரவு

வாப்பாவின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரில் புற்றுநோய்க் கலங்கள் இல்லை என்று முதல் அறிக்கை வந்ததுமே உம்மா, அவர் சுகத்துக்காக நேர்ந்திருந்த நேர்ச்சைக் கிடாயை அறுக்கச் சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து இன்னொரு சோதனை முடிவு வரவேண்டும், பொறுங்கள் என்றேன். யார் கேட்டார்கள்?

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, விருந்துக்கு எல்லோரும் உட்காரும் நேரத்தில், வாப்பாவைப் பார்க்கும் புத்தளத்து டொக்டர் ஃபோனில் அழைத்தார்.

"தங்கச்சி, அந்தத் தண்ணியில கென்சரக் காட்டுற மார்க்கர் நல்லாக் கூடியிருக்கு. அத மட்டும் வச்சி முடிவு சொல்ல ஏலாது. ஆனா சும்மா விடவும் ஏலாது. நுரையீரலச் சுத்தியிருக்கிற சவ்வில சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும். திங்கக்கிழமை வாப்பாவக் கூட்டிட்டு வாங்க."

பெண்கள் பக்கம், ஆறு பேர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டான என் சஹனில் மற்ற ஐந்து பேரும் சோற்றில் கை வைக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆரு மக கோல்ல?" என்றார் உம்மா, என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்து.

"ஆருமில்ல உம்மா, நம்பர் மாறி வந்திட்டு."

உட்கார்ந்து சாப்பிட்டேன். முன்கூடத்தில் வாப்பா இருமலுக்கு நடுவே, வந்தவர்களுக்கு இன்னும் இறைச்சி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் அவர் என்னிடம் வந்தார்.

"டொக்டர் முதல்ல எனக்குத்தான் கோல் எடுத்தார். உன்ட நம்பரக் குடுத்ததே நான்தான். திங்கக்கிழமை போறத்துக்கு உம்மாக்கு என்ன சொல்லுவம், மக?"

அடுக்களையில் உம்மா சஹன்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.