இரண்டு குடுவைக்கு ஒரு பாட்டில்

அன்புள்ள குட்டிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து மெயில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றரை, படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும்தான், ஆனால் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் “உன் கிட்னி செல்லைக் கடைசியா எப்பம்மா டெஸ்ட் பண்ணின?” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டாயே, நான் அனுப்பிய செல்லை நீ அங்கே சோதித்துப் பார்த்திருக்கிறாய் என்று அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. சின்ன வயதில் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டும் இப்படித்தான் கம்மென்று இருந்தாய்.

நான் ஆய்வகத்தில் வளர்த்துவரும் அந்தச் செல்லின் பழைய குப்பிகள் இரண்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, எந்தச் செல் என்று பார்க்கும் அடையாளச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன், இன்று சாயங்காலம் முடிவு வந்தது. முதல் வருடம் உறையவைத்தது கிட்னி செல்தான். அடுத்த வருடத்தது இல்லை, யாரோ ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து வந்தது. பதினாறு வருடமாகக் கிட்னி கிட்னி என்று நான் எழுதியது, மேடையேறிப் பேசியது, நாற்பத்தோரு ஆய்வகங்களுக்குப் பார்சல் அனுப்பியது எல்லாமே அதைத்தான். என் கட்டுரையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்ததாக உன் புரொஃபசர் சொன்னாரே, அதை நினைத்தால்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டினேன். அந்த இரண்டு குப்பிக்கும் நடுவில் ஒரு பக்கம், நுரையீரல் குடுவைக்கும் கிட்னி குடுவைக்கும் நேரே, செல் வளர ஊற்றும் ஊட்டத் திரவத்தின் ஒரே பாட்டில் எண். ஓரத்தில் என் கையெழுத்தில், ஸ்கூலிலிருந்து போன், காய்ச்சல் 102. உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தாறு. ஒரு பாட்டிலிலிருந்து இரண்டுக்கும் ஊற்றிவிட்டு ஓடியிருக்கிறேன். ஒரு சொட்டில் நாலு செல் போனால் போதும், வேகமாய் வளர்வது மற்றதைத் தின்றுவிடும். ஒரு செல்வகைக்கு ஒரு பாட்டில் என்று எல்லோரையும் விரட்டுகிறவள் நான், முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பாட்டில் போலீஸ்’ என்று சொல்வது எனக்குத் தெரியாதா என்ன.

இதைப் படித்ததும் உன் மனசு எங்கே போகும் என்று தெரியும். போகவிடாதே. காய்ச்சல் உனக்கு, அவசரம் எனக்கு. அப்புறம் பதினாறு வருடம் ஒரு தடவைகூடச் சோதிக்காமல் இருந்தேனே, அதற்கு எந்தக் காய்ச்சலும் காரணமில்லை. எங்கள் ஆய்வக டைரக்டரிடம் சொன்னேன், சிரிக்கிறார், “கேட்டது உங்க பொண்ணுதானே மேடம், வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கோங்க” என்கிறார். என் மாணவி கண்ணாடிக்காரி இந்தச் செல்லை வைத்தே ஆய்வு செய்து அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள், “நாலு வருஷம் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அப்பாவோ “சொன்னா பேரு போகும், சொல்லலேன்னா தூக்கம் போகும், எப்படியோ எனக்கு லைட்டை அணைச்சாச் சரி” என்று போர்த்திக்கொண்டார். நானும் ஒரு அரைமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று உன்னிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். யோசித்ததை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

கேட்கப்போவதில்லை. காலையில் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். நீ அதற்குக் காத்திருக்காதே, உன் சோதனை முடிவை உன் புரொஃபசரிடம் நாளைக்கே காட்டிவிடு. எத்தனை நாளாய்த் தெரியும் என்றுதான் முதலில் கேட்பார். என் பெயர் போவதைவிட உன் பன்னிரண்டு நாள் பதின்மூன்று ஆவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து வந்த செல் என்று எழுதும் இடத்தில் என் பெயரை முழுசாக எழுது, அம்மா என்று பார்க்காதே.

நல்லா இரு கண்ணு, உன் கையும் கண்ணும் இப்படியே நேராக இருக்கட்டும். பாட்டிலில் பெயர் எழுதாமல் மூடியைத் திறக்காதே. நாற்பத்தோரு ஆய்வகத்துக்கும் கடிதம் போக வேண்டும், உங்களுடையதும் அதில் ஒன்று, இதுதான் முதல் கடிதம். காட்டிவிட்டேன் என்று ஒரு வரி போதும், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா