ஸ்டீயரின் உறையும் சூடு

1909 ஏப்ரல் 26

காலையில் ஆலைத் துரை கூப்பிட்டனுப்பினார். மாசி மாதம் அனுப்பிய மெழுகுவர்த்திகள் வளைந்துபோவதாகப் பர்த்வான் வியாபாரி எழுதியிருக்கிறார். அந்தச் சரக்கை வார்த்த கெட்டிக் கொழுப்பை, ஸ்டீயரினை, சோதித்தவன் என் மைத்துனன் பட்டாபிராமன். ஐம்பத்து மூன்றரை டிகிரியில் உறைகிறது என்று ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறான். எடுத்துவைத்திருந்த மாதிரியை நான் மறுபடி பார்க்கவேண்டுமாம்.

உருக்கிக் குழாயில் ஊற்றி, என் தெர்மாமீட்டரை நட்டு, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் குறித்தேன். அறுபத்தெட்டு, அறுபத்தாறு என்று சூடு மளமளவென்று இறங்கிற்று. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. குழாய்க்குள் வெள்ளை படர்ந்து கெட்டியாகி முடிகிறவரை அசையவில்லை. நின்ற இடம் ஐம்பத்தொன்று.

ஐம்பத்தொன்றா? அத்தனை தாழ்வில் உறைந்தால் வர்த்தி வளையத்தான் செய்யும்.

ஏப்ரல் 28

நாலு தடவை பார்த்தாயிற்று. நாலு தடவையும் ஐம்பத்தொன்றுதான்.

"உன் மைத்துனன் பார்க்காமலே எழுதுகிறவனா, மஹாதேவன்?" என்று துரை கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை" என்றேன். அது உண்மைதானே. உண்மையைத்தானே சொன்னேன்?

ஏப்ரல் 29

பட்டாபியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பொய்க் கணக்கு எழுதினான் என்று காகிதத்தில் காரணம் போட்டிருக்கிறது. கார்டன் ரீச் ஆலையிலிருந்து ஒன்றாகவே வீடு வந்தோம். வாசலில் நின்று சொன்னான்: "அத்திம்பேர், நான் பாத்ததைத்தான் எழுதினேன்."

"நானும் நாலு தடவை கண்ணாலே பாத்தேன்டா."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

மே 3

பாலிகஞ்ச் சிவராமகிருஷ்ணையரிடமிருந்து கடிதம். ஆனி மாதம் நடக்கவிருந்த பட்டாபியின் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். பொய்க் கணக்கு எழுதியவனுக்குப் பெண் கொடுக்கமாட்டாராம்.

மே 11

பட்டாபி ரங்கூன் கப்பலேறிவிட்டான். நானும் துறைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அவன் என்னைப் பார்த்தானா, தெரியாது.

மே 12

மனைவி அனந்தம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் மாதம், வாந்தி நிற்கவில்லை. தம்பியின் வேஷ்டி ஒன்று கொடியிலேயே இருக்கிறது. அதை எடுத்து மடிக்கவுமில்லை, எடுக்கச் சொல்லவுமில்லை.

ஜூன் 17

இன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

ஒரு மாதமாக வந்த சரக்கெல்லாம் ஐம்பது, ஐம்பத்தொன்று என்றே காட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பு வருகிற ஊர் வேறு, பிழிகிற ஆள் வேறு, எல்லாமா கெட்டுப்போகும்? மத்தியானம் ஐஸ்காரனிடம் ஒரு கட்டி வாங்கி உடைத்து, தெர்மாமீட்டரை அதில் நட்டேன். பூஜ்யத்தில் நிற்கவேண்டிய பாதரசம் அதற்குக் கீழே இரண்டரைக் கோட்டில் நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயின் உச்சியில் பாதரசத்திலிருந்து பிரிந்த ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டரைக் கோடு நீளம்; அந்த அளவுக்கு எல்லாச் சூட்டையும் குறைத்தே காட்டியிருக்கிறது. எத்தனை மாதமாக இருக்கிறதோ.

பட்டாபி உபயோகித்த தெர்மாமீட்டர் அவன் மேஜை இழுப்பறையில் பெட்டியோடு இருந்தது. அது ஐஸில் பூஜ்யம் காட்டிற்று. மாசி மாதிரியை உருக்கி அதை வைத்துப் பார்த்தேன். சூடு இறங்கிற்று, நின்றது. ஐம்பத்து மூன்றரை.

ரிஜிஸ்தரை எடுத்து அவன் எழுதிய எண்ணை மறுபடி பார்த்தேன்.

ஜூன் 18

துரையிடம் சொன்னேன். அவர் வர்த்தி வார்க்கிற ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். மாசியில் சீக்கிரம் இளகும் பாரபின் மெழுகை அளவுக்கு மேல் கலந்திருக்கிறார்கள். வர்த்தி வளைந்தது அதனால். ஸ்டீயரினில் குற்றமில்லை.

"முடிந்துபோன விஷயம். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது" என்றார். பட்டாபிக்கு ஒரு காகிதமாவது எழுதித் தரக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். ரிஜிஸ்தரில் பட்டாபியின் எண்ணுக்குப் பக்கத்தில், 'இது சரி. என் கருவி தவறு' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 19

அனந்தத்திடம் சொன்னேன். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள்.

"ஏன்னா, அந்த ஐஸை அன்னிக்கே வாங்கியிருக்கப்படாதா?"

ஜூன் 20

பாலிகஞ்ச் போனேன். சிவராமகிருஷ்ணையர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொண்ணுக்கு வேற எடத்துல நிச்சயம் ஆயிடுத்து. என்ன பண்றது, நீங்களே சொல்லுங்கோ. பையன் மேல தப்பில்லைன்னு நீங்கதானே அன்னிக்குச் சொல்லியிருக்கணும்?"

திரும்பும்போது டிராமில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

ஜூலை 30

நடந்ததை எழுதியிருந்தேன்; ரங்கூனிலிருந்து பட்டாபியின் பதில். அவனுடைய குண்டுக் கையெழுத்து:

'தங்கள் கடிதம் கிடைத்தது. நான் எழுதியது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என் தெர்மாமீட்டரை ஒரு தடவை வாங்கிப் பார்ப்பீர்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அரிசி மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. திரும்பி வருகிற உத்தேசமில்லை. அக்காவைக் கவனித்துக்கொள்ளவும்.'

காத்திருந்தானாம். இரண்டு நாளும் பக்கத்து மேஜையில்தானே இருந்தான்! ஏன்டா, நீயாவது வாயைத் திறந்து சொல்லப்படாதோ? — இல்லை. கேட்டிருக்கவேண்டியவன் நான்.

செப்டம்பர் 14

மாமனார் வந்து அனந்தத்தைப் பிரசவத்துக்குக் கும்பகோணம் அழைத்துப் போனார். ஹௌரா ஸ்டேஷனில் வண்டி புறப்படுமுன் ஜன்னலருகில் நின்று கேட்டேன், "பிரசவம் ஆனப்பறம் எப்போ வரே?"

"தெரியலை." விசில் ஊதியதும், "வேளைக்குச் சாப்பிடுங்கோ" என்றாள். அவள் அப்பா தண்ணீர்ச் செம்பைச் சரிபார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 22

பூஜை விடுமுறை. ஊரெல்லாம் கொட்டு. கடிதம் இல்லை.

டிசம்பர் 4

ஆபீஸுக்குத் தந்தி வந்தது. நேற்றுப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இருவரும் சௌக்கியம். மாமனார் பெயரில் வந்திருக்கிறது. பதினோராம் நாள் புண்யாகவாசனம்; குழந்தைக்குப் பெயர் சொல்லவேண்டியவன் தகப்பன். வரச்சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 6

இரண்டு நாள் பார்த்தேன். வேறு தந்தி வரவில்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதராஸ் மெயிலுக்கு டிக்கெட் வாங்கிவந்தேன். அழைக்காத வீட்டுக்கு இதுவரை நான் போனதில்லை. வாசலிலேயே நிற்கவைத்தால், நிற்கிறேன்.