ஆறாங்கல்லை நகர்த்தியது நான்தான்

அன்பு மகள் அறிவுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்திதான், ஆனால் மார்கழிக்கு நீ வருகிறாய் என்றதிலிருந்து அதைப் பற்றிப் பேசவே அவளுக்கு நேரமில்லை.

நம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் கண்ணு. சிதம்பரத்தில் கிளம்பி, மதகு தாண்டி, வயல் நடுவே கடல் பக்கம் வந்து முடிகிற பதினாலு கிலோமீட்டர்தான். மாட்டுவண்டித் தடமாக இருந்து, கப்பி கொட்டி, தார் ஊற்றி, ஒருநாள் மாநில நெடுஞ்சாலை என்று சொல்லி கிலோமீட்டர் கல்லுக்கெல்லாம் பச்சை அடித்தார்கள். முப்பத்தொரு வருஷம் அதில் குழி அடைத்தவன் நான். போன வாரம் ரேகா என்று உன் வயசு இன்ஜினியர் பெண் வந்து அளந்தது. அஞ்சாங்கல்லிலிருந்து ஆறாங்கல் ஆயிரத்து முன்னூறு மீட்டர், அங்கிருந்து ஏழாங்கல் எழுநூறுதான். மூன்று தரம் அளந்துவிட்டு என்னைத் தேடி வந்து, "ஐயா, இது எப்படி ஆச்சு, உங்களுக்குத் தெரியுமா"ன்னு கேட்டது.

தெரியாமல் என்ன? பத்தாவது படிக்கும்போது நீ காலை உடைத்துக்கொண்டாயே, அப்போது பஸ் கல்லடியில்தான் நிற்கும். தெருமுனையில் நிறுத்தச் சொல்லி கண்டக்டர் நடராஜிடம் கெஞ்சினேன். "கல்லு எங்க கீதோ அங்கதான் நிக்கும்"னுட்டான். எனக்கு வந்ததே கோபம், மறுநாளே என்னோடு ரோட்டு வேலை பார்த்த சார்லஸைக் கூட்டிக்கொண்டு கல்லைப் பெயர்த்து, தள்ளுவண்டியில் ஏற்றி, நம் தெருமுனையில் நட்டுவிட்டேன். பட்டப்பகலில்தான். காக்கிச் சட்டைக்காரன் கல் நட்டால் யார் கேட்பார்கள்? அன்றிலிருந்து பஸ் நம் முனையில் நின்றது, நீ பரீட்சை எழுதினாய். உன் கால் சரியான பிறகும் திரும்ப வைக்க மனசு வரவில்லை. உன்னிடமும் உண்மையைச் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை, ஆபீஸ் உத்தரவு என்று சொல்லிவைத்தேன்.

ரேகாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். சிரித்தது, அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்லு அதோட எடத்துக்குப் போயாகணும் ஐயா, இனிமே ஸ்டாப்பும் அங்கதான்"னு சொல்லிட்டுப் போச்சு. நேற்று எடுத்துப்போய்விட்டார்கள். அந்தக் குழியைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், அம்மா இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வரும்போது பழைய ஞாபகத்தில் ஆறாங்கல்லைப் பார்த்து இறங்கிவிடாதே, பெட்டியோடு முன்னூறு மீட்டர் நடக்கணும். தெருமுனையில் நான் நிற்பேன், கை காட்டினால் பஸ் நிற்காமல் போய்விடுமா, பார்த்துவிடுகிறேன். கல்லைப் பார்க்காதே, அப்பாவைப் பார்த்து இறங்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையன்